‘மனுஷங்களோட பேசப் பிடிக்கும்’... இதுக்காக ஹெச்.ஆர். படிக்கலாமா? - முதுநிலைப் படிப்பில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

“ஏன் ஹெச்.ஆர். எடுக்க நினைக்கறீங்க?”

எம்பிஏ சேர்க்கை நேர்காணல்களில் இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். “எனக்கு மனுஷங்களோட பேசப் பிடிக்கும் சார்.” பதிலில் பொய் இல்லை. ஆனால் மனிதவளத் துறையில் வேலை பார்ப்பவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். பேசுவது அந்த வேலையில் ஒரு பகுதிதான். மீதி நேரம் வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பி.எஃப். கணக்கு, ஒப்பந்ததாரரின் ஆவணங்கள், விசாரணை அறிக்கை, எக்செல் ஷீட் என்று போகும். அதோடு, யாருமே விரும்பாத ஒரு வேலையும் உண்டு. பத்து வருடம் உழைத்த ஒருவரை அறைக்கு அழைத்து, “நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம்” என்று சொல்வது.

அந்த அறையில் உட்காருபவர் என்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த முதுநிலைப் படிப்பின் உண்மையான பாடத்திட்டம். ஐ.டி. நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் துறை மாற நினைப்பவர்கள், பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. முடித்து அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் எனப் பலரும் இந்தப் படிப்பை நோக்கி வருகிறார்கள். சில லட்சங்களும் இரண்டு வருடங்களும் செலவாகும் முடிவு இது. என்ன படிப்பு, எங்கே படிப்பது, எதைக் கவனிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹெச்.ஆர். எங்கிருந்து வந்தது?

இன்று ஏசி அறை, லேப்டாப், கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு என்றிருக்கும் இந்தத் துறை, ஆலைவாசலில் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் சென்னை பெரம்பூரில் தொடங்கியது. பக்கிங்காம் அண்டு கர்நாடிக் மில், அதாவது சென்னைக்காரர்கள் சொல்லும் பின்னி மில் தொழிலாளர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. போன்றவர்கள் உடன் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் ஆலைக்கு ஆள் எடுப்பது மேஸ்திரியின் கையில் இருந்தது. வேலைக்குச் சேரவும் அவருக்குக் கையூட்டு, வேலையில் நிலைக்கவும் கையூட்டு. ‘விட்லி கமிஷன்’ என்று அறியப்படும் தொழிலாளர் குறித்த ராயல் கமிஷன் 1931-ல் அளித்த அறிக்கையில், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துத் தனியாக ‘லேபர் ஆபீஸர்’ ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இன்னொரு படி மேலே போனது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்று அதன் 49-வது பிரிவு கட்டாயமாக்கியது.

இதுதான் இந்தப் படிப்புகள் உருவானதற்கான பின்னணி. மும்பையில் 1936-ல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், ஜாம்ஷெட்பூரில் 1949-ல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ., சென்னையில் 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் ஆகியவை இந்தத் துறைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்களைத் தயார்செய்த இடங்கள். தமிழ்நாட்டில் ஹெச்.ஆர். மேலாளர்கள் பலர் சமூகப்பணி பட்டதாரிகளாக இருப்பதற்குக் காரணமும் இதுவே. தொழிலாளர் நலன் என்ற வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் அவர்கள்.

எம்பிஏ, எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ.: என்ன வித்தியாசம்?

மூன்றையும் முடித்தவர்கள் கடைசியில் ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார வாய்ப்புண்டு. ஆனால் வந்த வழி வேறு.

எம்பிஏ: முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவானது. கணக்கியல், மார்க்கெட்டிங், நிதி, புள்ளியியல், உற்பத்தி மேலாண்மை எல்லாம் படித்தாக வேண்டும். இரண்டாம் வருடத்தில்தான் ஹெச்.ஆர். தேர்வுப் பாடங்கள் வரும். நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்பது புரியும் என்பது இதன் பலம். ஹெச்.ஆர். பாடங்கள் ஐந்தாறோடு முடிந்துவிடும் என்பது பலவீனம். சில கல்லூரிகளில் தொழிலாளர் சட்டம் ஒரே ஒரு தாளாகச் சுருங்கிவிடுகிறது.

எம்.ஏ. மனிதவள மேலாண்மை: முதல் நாளிலிருந்தே ஹெச்.ஆர்.தான். தொழிலாளர் சட்டம், தொழில் உறவு, ஊதிய நிர்வாகம், பயிற்சி, நிறுவன மேம்பாடு எல்லாம் தனித்தனித் தாள்களாக வரும். ‘எம்பிஏ இல்லையா?’ என்று கேட்கும் நிறுவனங்கள் இன்னமும் உண்டு. அதே நேரம் இந்தப் படிப்பின் மதிப்பு தெரிந்த உற்பத்தி நிறுவனங்கள் தேடி வருவதும் உண்டு.

எம்.எஸ்.டபிள்யூ. (ஹெச்.ஆர். சிறப்புப் பிரிவு): இதன் உயிர் களப்பணி. பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் ஒரு நிறுவனத்திலோ அமைப்பிலோ இருக்க வேண்டும். அதற்கு அறிக்கை எழுத வேண்டும். மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்க வேண்டும். கேன்டீன் சாப்பாட்டுப் புகாரிலிருந்து விபத்து இழப்பீடு வரை நேரில் பார்த்துவிடலாம். சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், லயோலா கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, மதுரை சமூக அறிவியல் நிறுவனம் போன்றவை சமூகப்பணிக் கல்வியில் நெடுநாள் பெயர் பெற்றவை.

இந்த மூன்றைத் தவிர, அதிகம் பேசப்படாத நான்காவது வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் சென்னையில் எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை உள்ளிட்ட படிப்புகளை நடத்துகிறது. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. சட்டமும் தொழில் உறவும்தான் பாடத்தின் மையம். தொழிற்சாலைப் பக்கம் போக விரும்புபவர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

நுழைவுத் தேர்வுகள் என்னென்ன?

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு, தமிழ்நாட்டில் எம்பிஏ கலந்தாய்வுக்கான வழி. எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யின் மனிதவளப் படிப்புக்கு எக்ஸ்.ஏ.டி. எழுத வேண்டும். ஐ.ஐ.எம். ராஞ்சி மனிதவள மேலாண்மைக்கென்றே தனி எம்பிஏ நடத்துகிறது. அதற்கு கேட். டாடா சமூக அறிவியல் நிறுவனம் தன் சேர்க்கை முறையைச் சமீப ஆண்டுகளில் மாற்றியிருப்பதால், சீனியர் சொன்னதை நம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பது நல்லது. எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. படிப்புகளில் பல கல்லூரிகள் தாங்களே தேர்வும் நேர்காணலும் வைத்துக்கொள்கின்றன.

எல்லோரும் ‘போர்’ என்று சொல்லும் தாள்தான் சோறு போடும்

ஹெச்.ஆர். மாணவர்களுக்குப் பிடித்த பாடம் நிறுவன நடத்தையியல். மாஸ்லோவின் தேவைப் படிநிலை, ஹெர்ஸ்பெர்கின் இரு காரணிக் கோட்பாடு என்று சுவாரசியமாகப் போகும். பிடிக்காத பாடம் தொழிலாளர் சட்டம். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வரிசை தலைகீழாக மாறிவிடும்.

ஒரு சின்ன கணக்கைப் பார்ப்போம். பத்து வருடம் வேலை செய்த ஒருவர் போகிறார். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 26,000 ரூபாய். பணிக்கொடை எவ்வளவு? மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, 15 நாளால் பெருக்கி, பணிபுரிந்த வருடங்களால் பெருக்க வேண்டும். 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,000. பதினைந்து நாளுக்கு 15,000. பத்து வருடத்துக்கு 1,50,000 ரூபாய். மாதத்துக்கு 30 நாள் என்று வகுத்துவிட்டால் 1,30,000 ரூபாய்தான் வரும். அந்த 20,000 ரூபாய் யாரோ ஒருவரின் மகளுடைய கல்லூரிக் கட்டணமாக இருக்கலாம்.

ஒழுங்கு நடவடிக்கையும் அப்படித்தான். ஒரு தொழிலாளி தவறு செய்தார் என்று மேலாளர் கோபப்பட்டு, “உடனே வெளியே அனுப்புங்க” என்கிறார். அனுப்ப முடியுமா? முதலில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி தரவில்லை என்றால் விசாரணை அதிகாரியை நியமிக்க வேண்டும். தன் தரப்பைச் சொல்லவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் அவருக்கு வாய்ப்பு தர வேண்டும். விசாரணைக் காலத்தில் பணியிடைநீக்கம் செய்தால் முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும். அவர் காரணமாக இல்லாமல் விசாரணை அதற்கு மேல் இழுத்தால் அது 75 சதவீதமாக உயரும். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிறுவனத்தின் உத்தரவு நிற்காமல் போகலாம். தொழிலாளியின் தரப்பிலிருந்து பார்த்தாலோ, பசியோடு இருப்பவரிடம் நியாயம் பேசக் கூடாது என்ற எளிய அறம்தான் அந்தப் பிழைப்பூதியம்.

பாலியல் துன்புறுத்தல் புகார் வந்தால் என்ன செய்வது? 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். புகாரை விசாரிப்பது குழுவின் வேலை. ‘சமாதானமாப் போயிடுங்களேன்’ என்று சொல்லி அனுப்பும் உரிமை ஹெச்.ஆர். மேலாளருக்குக் கிடையாது. இது தெரியாமல் நல்லெண்ணத்தோடு பேசிய ஒரு வாக்கியம்கூடப் புகார் கொடுத்தவரை மீண்டும் காயப்படுத்திவிடும்.

பாடப்புத்தகமே மாறுகிறது... கவனம்!

இப்போது படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. ஊதியத் தொகுப்பு 2019-ல் நிறைவேறியது. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020-ல் நிறைவேறின.

ஹெச்.ஆர். மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சில மாற்றங்கள்:

- எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம்.

- ‘ஊதியம்’ என்பதற்குப் புதிய வரையறை. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும்.

- வேலையைவிட்டு நீக்கப்பட்டாலும், தானே ராஜினாமா செய்தாலும் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

- குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை உரிமை.

- ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கும் அம்சங்களில் இது ஒன்று.

- நல அலுவலர் இருக்க வேண்டிய வரம்பு 500-லிருந்து 250 தொழிலாளர்களாகக் குறைந்திருக்கிறது.

கடைசி அம்சத்தை இன்னொரு முறை படியுங்கள். நல அலுவலர் தேவைப்படும் தொழிற்சாலைகளின் எண்ணிக்கை கூடப்போகிறது என்பதுதான் அதன் பொருள். இந்தப் பதவிக்கான தகுதி மாநில விதிகளைப் பொறுத்தது. எல்லா எம்பிஏ ஹெச்.ஆர். பட்டமும் தானாகவே தகுதி பெற்றுவிடாது. தொழிற்சாலைப் பக்கம் போக நினைப்பவர்கள், தாங்கள் சேரும் படிப்பு நல அலுவலர் பதவிக்கு அங்கீகரிக்கப்பட்டதா என்று கல்லூரியிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஊதிய வரையறை மாற்றம் எப்படி வேலை செய்யும்? மாத மொத்த ஊதியம் 50,000, அதில் அடிப்படை 15,000 மட்டும், மற்றதெல்லாம் படிகள் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் ஒரு வருடப் பணிக்கான பணிக்கொடை சுமார் 8,650 ரூபாய். புதிய வரையறைப்படி குறைந்தது 25,000 ரூபாய் ஊதியமாகக் கருதப்படும்போது அது சுமார் 14,420 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, படிகளை ஊதிப் பெருக்கும் பழக்கத்துக்கு இது கடிவாளம். நேர்காணலில் இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டும் மாணவருக்கு, ‘எனக்கு மனுஷங்களோட பேசப் பிடிக்கும்’ என்பவரைவிட ஒரு படி கூடுதல் மதிப்பு நிச்சயம்.

பழைய சட்டங்களைத் தூக்கிப்போட்டுவிடவும் முடியாது. அவற்றின் கீழ் தொடங்கிய வழக்குகள் இன்னும் பல வருடங்களுக்கு ஓடும். ஆகவே இப்போது படிப்பவர்கள் இரண்டையும் படித்தாக வேண்டிய தலைமுறை.

தொழிற்சாலையா, ஐ.டி. பூங்காவா?

ஹெச்.ஆர். என்பது ஒரே வேலை இல்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஐ.டி. நிறுவனத்தில் ஹெச்.ஆர். என்றால் ஆள் தேர்வு, திறன் மதிப்பீடு, ஊழியர்கள் விலகாமல் பார்த்துக்கொள்வது ஆகியவைதான் பெரும்பாலும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை, திருப்பூர் பக்கம் போனால் ஷிப்ட், ஓவர்டைம், ஒப்பந்தத் தொழிலாளர், விடுதி, பேருந்து, கேன்டீன், தொழிற்சங்கம் என்று உலகமே மாறிவிடும்.

பின்னதில் பதற்றம் அதிகம். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றோடு, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் தொழிலாளர்களின் மையக் கோரிக்கை. அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். சங்கப் பதிவு விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 1918-ல் பெரம்பூரில் எழுந்த அதே கேள்வி, நூறு வருடம் கழித்து ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தயாராகும் நவீன ஆலையில் மறுபடி எழுந்தது. தொழில் உறவு பழைய காலத்துப் பாடம் என்று நினைக்கும் மாணவர்கள் இந்த 37 நாட்களின் செய்திகளை வரிசையாகப் படித்தால் போதும்.

இன்னும் இருண்ட பக்கங்களும் உண்டு. கோவையில் 2009-லும், ஹரியாணாவின் மானேசரில் 2012-லும் தொழில் தகராறுகள் வன்முறையாக வெடித்து, இரண்டு இடங்களிலும் மனிதவளத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் தொழிலாளர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் வழக்கும் சிறையுமாக அலைந்தார்கள். பேச்சுவார்த்தை முறிந்துபோனால் இரு பக்கமும் குடும்பங்கள் சிதையும் என்பதற்கு இந்த இரண்டு சம்பவங்களும் சாட்சி. குறை சொல்ல ஒரு கதவு திறந்திருப்பதும், சொன்ன குறைக்குக் குறித்த தேதியில் பதில் வருவதும் தொழிற்சாலையில் அலங்கார விஷயங்கள் இல்லை.

மொழியும் முக்கியம். தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது நல அலுவலர் பதவிக்கு நெடுங்காலமாக எதிர்பார்க்கப்படும் தகுதி. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் அது தமிழ் என்பதில் ஒரு காலத்தில் சந்தேகமே இருந்ததில்லை. இன்று திருப்பூர் பின்னலாடை ஆலையிலோ ஸ்ரீபெரும்புதூர் விடுதியிலோ நுழைந்தால் ஒடியா, வங்காளம், இந்தி எல்லாம் காதில் விழும். சம்பளச் சீட்டில் என்ன பிடித்தம் என்று தன் மொழியில் கேட்க முடியாத ஒரு இளைஞருக்கு, அவர் மொழியில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த ஹெச்.ஆர். அதிகாரி எவ்வளவு பெரிய ஆறுதல்!

எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு?

அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் கட்டணம் குறைவு. தனியார் மேலாண்மைக் கல்லூரிகளில் பல லட்சம். நாட்டின் முன்னணி நிறுவனங்களில் இரண்டு வருடச் செலவு 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் அங்கே கிடைக்கும் சம்பளமும் வேறு தளத்தில் இருக்கும். சிக்கல் நடுவில்தான். கட்டணம் முன்னணிக் கல்லூரிக்கு அருகில், வேலை வாய்ப்பு உள்ளூர்க் கல்லூரிக்கு அருகில் என்றிருக்கும் இடங்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு. 10 லட்சம் ரூபாயை 10.5 சதவீத வட்டியில் 7 வருடத்தில் திருப்பிக் கட்டினால் மாதத் தவணை சுமார் 16,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. முதல் வேலையில் கையில் வரும் சம்பளம் 30,000 ரூபாய் என்றால், பாதிக்கும் மேல் வங்கிக்கே போய்விடும். சென்னையில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் மீதியில்தான்.

அதனால் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம் கூர்மையாக இருக்கட்டும்:

- அதிகபட்சச் சம்பளம் வேண்டாம். நடுவில் நிற்கும் மாணவரின் சம்பளம் எவ்வளவு?

- ஹெச்.ஆர். பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு ஹெச்.ஆர். வேலையே கிடைத்தது? (விற்பனைப் பிரிவு வேலையையும் சேர்த்துக் கணக்குக் காட்டுவது வழக்கம்.)

- வந்த வேலைகளில் எத்தனை, கன்சல்டன்சிகளில் நாள் முழுக்க போன் பேசி ஆள் பிடிக்கும் வேலை?

- களப்பணி எத்தனை நாள்? எந்த நிறுவனங்களில்?

- தொழிலாளர் சட்டம் நடத்துபவர் யார்? தொழிலாளர் நீதிமன்றத்தையோ தொழிற்சாலையையோ பார்த்தவரா? புதிய சட்டத் தொகுப்புகள் பாடத்திட்டத்தில் வந்துவிட்டனவா?

இவற்றுக்கு விளம்பரப் புத்தகத்தில் பதில் இருக்காது. போன வருடம் படித்து முடித்த இரண்டு பேரை லிங்க்ட்இன்னில் பிடித்துப் பேசினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாமா?

தாராளமாக. இக்னோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் மனிதவள எம்பிஏ நடத்துகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி அமைப்பு அந்தப் படிப்பை, அந்தக் கல்வியாண்டுக்கு அங்கீகரித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஹெச்.ஆர். துறையில் இருந்துகொண்டு, பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுபவருக்கு இது நல்ல வழி. வேறு துறையிலிருந்து புதிதாக வருபவருக்கு, களப்பணியும் வளாகத் தேர்வும் இல்லாத பட்டம் மட்டும் கதவைத் திறந்துவிடுவது கடினம். அவர்கள் இருக்கும் நிறுவனத்திலேயே ஹெச்.ஆர். பக்கம் மாற வாய்ப்பு கேட்டுப் பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது.

வெளிநாட்டில் படித்தால்?

பிரிட்டனில் இந்த முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே வருடம். அங்கு சி.ஐ.பி.டி. என்ற தொழில்முறை அமைப்பின் அங்கீகாரம் உள்ள படிப்பா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பு முடித்தபின் 12 மாதம் பணிப் பயிற்சி அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவில் வகைப்படுத்தப்பட்ட படிப்பு என்றால் மட்டுமே கூடுதலாக 24 மாதம். ஹெச்.ஆர். படிப்புகளில் அந்த வகைப்பாடு எல்லாவற்றுக்கும் கிடையாது.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. கோடிங் எந்த நாட்டிலும் கோடிங்தான். தொழிலாளர் சட்டம் அப்படி இல்லை. பர்மிங்ஹாமில் படித்த வேலைவாய்ப்புச் சட்டம் ஓசூரில் உதவாது. அங்கேயே வேலை தேடினாலும், உள்ளூர்ச் சட்டமும் உள்ளூர்ப் பேச்சும் பழகிய உள்ளூர்க்காரரோடுதான் போட்டி. ஊதியத் திட்டமிடல், ஹெச்.ஆர். தரவுப் பகுப்பாய்வு போன்ற, நாடு தாண்டியும் செல்லுபடியாகும் பிரிவுகளை எடுப்பவர்களுக்கு வாய்ப்பு சற்றே கூடுதல்.

ஏ.ஐ. வந்துவிட்டதே... ஹெச்.ஆர். வேலை இருக்குமா?

ரெஸ்யூமே வடிகட்டுவது, நேர்காணலுக்கு நேரம் குறிப்பது, ‘என் லீவு எத்தனை மிச்சம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது போன்றவை ஏற்கெனவே மென்பொருளிடம் போய்க்கொண்டிருக்கின்றன. ஸோஹோ பீப்பிள், ஒர்க்டே, சாப் போன்ற தளங்கள் ஒரு காலத்தில் நாலு பேர் பார்த்த வேலையை ஒருவருக்குள் அடக்கிவிட்டன. அந்த வேலைகளை மட்டுமே நம்பித் துறைக்கு வருபவருக்குத்தான் ஆபத்து.

ஒரு சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்துவதையும், விபத்தில் கை இழந்தவரின் மனைவிக்கு அடுத்து என்ன என்று விளக்குவதையும் மென்பொருளிடம் விட முடியாது. அதற்காக எண்களை ஒதுக்கவும் கூடாது. ‘வருடத் தொடக்கத்தில் 1,200 பேர், கடைசியில் 1,000 பேர், இடையில் விலகியவர்கள் 220 பேர்; விலகல் விகிதம் என்ன?’ என்றால் சராசரி 1,100-ஐக் கொண்டு 20 சதவீதம் என்று உடனே வர வேண்டும். அடுத்த கேள்வி எந்திரத்தால் எளிதில் கேட்க முடியாதது. விலகியவர்களில் இரவு ஷிப்ட் பெண்கள் ஏன் இவ்வளவு பேர்? பேருந்து எந்த ஸ்டாப்பில் இறக்கிவிடுகிறது?

அரசுத் தேர்வுகளுக்கும் உதவுமா?

உதவும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தேர்வில் தொழிலாளர் நலன், பணியாளர் மேலாண்மை, தொழில் உறவு, மனிதவள மேலாண்மை எல்லாம் சேர்ந்த தனிப் பாடம் இருக்கிறது. யுபிஎஸ்சி நடத்தும் பி.எஃப். நிறுவன அதிகாரிகள் தேர்வில் தொழில் உறவும் தொழிலாளர் சட்டமும் பாடத்திட்டத்தில் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களும் மனிதவளப் பிரிவுக்கு ஆள் எடுக்கின்றன.

அப்போ, யார் படிக்கலாம்?

சமூக வலைதளங்களில் ‘ஹெச்.ஆர். உங்க நண்பர் இல்லை’ என்ற வாசகம் அடிக்கடி சுற்றும். அதில் உண்மை இருக்கிறது. சம்பளம் கொடுப்பது நிர்வாகம். அதன் முடிவைச் சொல்ல வேண்டியவர் ஹெச்.ஆர். ஆனால் 1931-ல் ஒரு கமிஷன் உட்கார்ந்து யோசித்தபோது இந்தப் பதவியைப் பரிந்துரைத்தது, மேஸ்திரியின் தயவில் தொழிலாளி பிழைக்கக் கூடாது என்பதற்காக. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தினமும் நிற்க வேண்டும். நிர்வாகத்திடம் “இதைச் செய்யச் சட்டம் அனுமதிக்காது சார்” என்றும், தொழிலாளியிடம் “இந்தக் கோரிக்கை இந்த வருடம் நடக்காது அண்ணே” என்றும் ஒரே நாளில் சொல்ல முடிகிறவர்களுக்கான படிப்பு இது. பேசப் பிடித்தவர்களைவிட, கேட்கத் தெரிந்தவர்களும் கணக்குப் போடச் சலிக்காதவர்களும் இங்கே நன்றாக வருவார்கள்.

இன்னமும் குழப்பமாக இருந்தால், கட்டணம் கட்டும் முன் ஒரு நாளைச் செலவழித்துப் பார்க்கலாம். தெரிந்தவர் மூலம் ஏதாவது ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அறையில் காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். பஸ் வராததில் தொடங்கி சம்பள அட்வான்ஸ் வரை மதியத்துக்குள் இருபது பேராவது வந்து போவார்கள். வீடு திரும்பும்போது, அந்த இருபது பேரில் ஒருவரின் பிரச்சினையாவது மனதில் ஓடிக்கொண்டே இருந்து, ‘இதுக்கு என்ன பண்ணியிருக்கலாம்?’ என்று தோன்றினால், விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தொடங்கலாம்.